வழக்கை ஜோடித்தவர்கள்

புதுக்கூரைப்பேட்டைக் கொலை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ந் தேதி தங்கள் தீர்ப்பைக் கூறினர். சாதி விட்டுச் சாதி மணந்த ஓர் இளைஞரையும் அவர் மனைவியையும் விஷம் புகட்டிக் கொன்று எரித்தவர்களின் குற்றம் அத்துடன் உறுதியாயிற்று. சாதி வெறியின் தலையில் விழுந்த அடி என்று அத்தீர்ப்பைப் பலரும் வரவேற்றனர். நாமும் வரவேற்கிறோம். ஆயினும் அத்தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. அதன் முக்கியத்துவத்தைப் பொதுஜனங்களும், சட்டசபையில் அவர்களுக்காகப் பேசுகிறவர்களும் போதிய அளவு உணரவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

குற்றம் உறுதி செய்யப்பட்ட 11 பேரில் இருவர் போலீஸ் உத்தியோகஸ்தர்கள். கொலை நடந்த காலத்தில் ஒருவர் விருத்தாசலத்தில் இன்ஸ்பெக்டர், மற்றவர் ஸப்-இன்ஸ்பெக்டர். அவர்கள் விஷம் புகட்டியதாகவோ தீ மூட்டியதாகவோ யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, புகாரை வாங்க வேண்டிய இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அவர்கள் எழுத மறுத்ததற்காகவும், பிறகு எழுதி வைத்ததற்காகவுமே அவர்கள் குற்றவாளிகளாயினர். நம் நாட்டில் பொய் வழக்கு எத்தனையோ உண்டு. பொய் வழக்கை ஜோடித்தவர் கூண்டில் ஏறித் தண்டனை பெற்று, அத்தண்டனை நாட்டின் தலைமை நியாயஸ்தலம் வரையில் நிலைத்து நின்றது வெகு அபூர்வம். அந்த அபூர்வம் கடலூரில் நிகழ்ந்திருக்கிறது. அதனால் நமது ஜில்லாவுக்கு இவ்விஷயத்தில் பேசத் தனி உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

நடந்ததை நேயர்களுக்குச் சுருக்கமாக நினைவூட்டுகிறோம். முருகேசன் ஆதிதிராவிடர்; சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையில் இரசாயன எஞ்சினீயரிங் படித்துப் பட்டம் பெற்றவர். கண்ணகி அதே ஊரைச் சேர்ந்த வன்னிய வகுப்புப் பெண். பஞ்சாயத்துத் தலைவரின் மகள். 2003-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி கடலூரில் ரிஜிஸ்திரார் ஆபீசில் இருவரும் சட்டப்படி மணந்து கொண்டனர். ஜூலை 8-ந் தேதி பெண் வீட்டாரால் பிடிக்கப்பட்டு ஊர் நடுவே மாண்டனர். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனார் விருத்தாசலம் போலீஸ் நிலையத்துக்குப் போனார். அவர் புகார் ஏற்கப்படவில்லை. விஷயம் பத்திரிகைகளில் அடிபட்ட பிறகு, ஜூலை 17-ந் தேதிதான் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. (பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பத்திரிகையில் வந்தால்தான் கொலை கொலையாகும் என்றால், எந்தப் பத்திரிகையும் எட்டிப் பார்க்காத ஊர்களில் வாழ்கிறவன் கதி என்ன?)

ஒன்பது நாள் கழித்துப் பதிவான அந்த அறிக்கைதான் நாம் பேச வந்த விஷயம். அதில் பெண் பக்கத்தார் நால்வர் குற்றவாளிகள் என்றிருந்தது. முருகேசன் பக்கத்தாரிலும் நால்வர் குற்றவாளிகள் என்றிருந்தது. இவர்கள் பெண்ணையும் அவர்கள் பிள்ளையையுமாக, இரு தரப்பாரும் தங்கள் தங்கள் மானத்துக்காகக் கொன்று விட்டார்கள் என்பது கட்டிய கதை. எவ்வளவு சாமர்த்தியமான கதை என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். முறையிட வேண்டியவனே கூண்டில் நின்றால் முறையிடுபவர் யார்? சாட்சி சொல்ல வேண்டியவனே எதிரியானால் சாட்சி ஏது? இரு தரப்பிலும் நால்வர் என்று தராசில் சமமாக நிறுத்து வைத்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு அது நடுநிலை போலவும் தோன்றும். வழக்கு அந்தப் பாதையிலேயே போயிருந்தால், மகனை இழந்த பக்கத்தார் மகனைக் கொன்றவர்களோடு ஒரே வரிசையில் நின்று ஸெஷன்ஸ் கோர்ட்டில் பதில் சொல்லியிருப்பார்கள். சாட்சிகள் அஞ்சிப் பிறழும் நாட்டில், யாருக்குத் தண்டனை விழுந்திருக்கும், யார் தப்பியிருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்?

அப்படி நடவாமல் போனதற்குக் காரணம் விருத்தாசலம் போலீஸாரின் மேலதிகாரிகள் அல்ல. வக்கீல் ஸ்ரீ பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் போராடினர். சென்னை ஹைகோர்ட்டார் 2004-ம் வருஷத்தில் வழக்கை ஸி.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வு இலாகாவிடம் ஒப்படைத்தனர். ஸி.பி.ஐ. 15 பேர் மீது குற்றம் சாட்டியது.  அந்தப் பட்டியலில் இரு போலீஸ் உத்தியோகஸ்தர்களின் பெயர்களும் ஏறின. கடலூர் விசேஷ கோர்ட்டு 2021-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி 13 பேரைத் தண்டித்தது. பெண்ணின் சகோதரருக்கு மரண தண்டனை. போலீஸார் இருவர் உட்பட மற்றவர்களுக்கு ஆயுள் தண்டனை. 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஹைகோர்ட்டார் மரண தண்டனையை ஆயுளாக மாற்றி, இருவரை விடுவித்து, போலீஸாரில் ஒருவருடைய தண்டனையைக் குறைத்தனர். நீதிபதிகள் ஸுதான்ஷு துலியா, பிரசாந்த் குமார் மிஸ்ரா ஆகிய இருவரும் 2025-ல் குற்றத்தை உறுதி செய்ததோடு, முருகேசனின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் செய்தார்கள். கொலை நடந்த நாளிலிருந்து அன்றைக்கு 21 வருஷமும் 9 மாதமும் கழிந்திருந்தன.

கண்ணகி என்ற பெயரைக் கேட்டதும் தமிழன் நினைவு மதுரைக்குப் போகும். சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதை என்றே நம்மவர்கள் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். நியாய பரிபாலனக் கதை என்று அதைப் படித்துப் பார்க்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன்; அரசியின் சிலம்பைத் திருடினவனும் அவனே. விசாரணையில்லை, எதிர் சாட்சியில்லை. அரசன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிறந்தது. காவலன் வாள் வீசினான். நிரபராதி மாண்டான். இதுவரையில் எந்த நாட்டிலும் நடக்கக்கூடிய சம்பவந்தான். பிறகு நடந்ததுதான் விசேஷம். பொய் வெளியானதும் பாண்டியன், தட்டான் சொன்னதை நம்பினேன் என்று சமாதானம் சொல்லவில்லை. காவலர் அவசரப்பட்டு விட்டார்கள் என்று கையை உதறவில்லை. கமிட்டி ஒன்று நியமிக்கிறேன் என்றும் சொல்லவில்லை. பழி தன்னுடையது என்று ஏற்று, இருந்த இடத்திலேயே உயிரை விட்டான். இன்றைய மந்திரிகளும் செக்ரிடேரிகளும் உயிரை விட வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. பொய் வழக்கு ஜோடித்த உத்தியோகஸ்தர் மீது வழக்கு நடத்த அனுமதி கேட்டால் ஒரு கையெழுத்துப் போடட்டும் என்றுதான் கேட்கிறோம்.

நமது ஜில்லாவுக்கு இது முதல் அநுபவமும் அன்று. தென்னார்க்காடு என்று ஒன்றாயிருந்த காலத்தில், 1992-ம் வருஷம், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர் போலீஸ் நிலையத்துக்குத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் கொண்டுபோகப்பட்ட ஒருவர் காவலிலேயே மாண்டார். அவர் மனைவி போலீஸாரால் பலாத்காரம் செய்யப்பட்டார். சர்வகலாசாலைக் கட்டிடங்களின் நிழலில் நடந்த அந்த அக்கிரமம் தமிழ்நாட்டையே குலுக்கியது. அடுத்த வருஷம் மார்ச் மாதம், கம்மாபுரம் போலீஸார் முதனைக் கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கில் பிடித்துக்கொண்டு போய் அடித்துக் கொன்றனர்; அவர் தப்பியோடி விட்டார் என்று நிலையத்து ஏட்டில் எழுதி வைத்தனர். பிரேதம் அயல் ஜில்லாவில் கிடந்தது. மனைவி ஹைகோர்ட்டுக்குப் போனார்; பின்னாளில் நீதிபதியான ஸ்ரீ சந்துரு அன்று அவருக்காக வாதாடினார். 2006-ம் வருஷத்தில்தான் போலீஸார் குற்றவாளிகள் என்று ஹைகோர்ட்டு முடிவு சொல்லிற்று. 2021-ல் சினிமாப் படமாக வந்த பிறகு தெரிந்து கொண்டவர்களே அநேகர்.

மூன்று சம்பவங்களிலும் கொடுமையின் உருவம் வேறு வேறு. ஆனால் பின்னிரண்டிலும் ஒரு பொருள் பொதுவாயிருப்பதைக் கவனிக்க வேண்டும். அது போலீஸ் நிலையத்து ஏடு. தப்பி ஓடினான் என்று அதில் எழுதினால் செத்தவன் ஓடினவனாகிறான். கொன்றான் என்று எழுதினால் பிள்ளையை இழந்தவன் கொலைகாரனாகிறான். நம் நியாயஸ்தலங்களில் எல்லாம் அந்த ஏட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மாஜிஸ்திரேட்டு முதலில் பார்ப்பது அதைத்தான். ரிமாண்டு அதன் மேல்தான். ஜாமீன் மறுப்பதும் அதன் மேல்தான். ஸெஷன்ஸ் நீதிபதி, ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று எத்தனை மாடி கட்டினாலும் அஸ்திவாரம் ஹெட் கான்ஸ்டேபிளின் கையெழுத்தில் இருக்கிறது.

வெள்ளைக்காரன் இதை அறியாதவனல்லன். சென்னை ராஜதானியில் சர்க்கார் சேவகர்கள் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற கூக்குரல் லண்டன் வரையில் எட்டவே, கம்பெனியார் ஒரு கமிஷன் நியமித்தனர். 1855-ம் வருஷத்தில் அது அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் கிட்டி போடுவதும், அண்ணாந்தாள் கட்டுவதும் சர்வ சாதாரணம் என்று அக்கமிஷன் கண்டது. விரலை நெரிக்கிற கட்டையின் பெயரும், முதுகை வளைத்துக் கட்டுகிற வித்தையின் பெயரும் தமிழாகவே அவர்கள் அறிக்கையில் இருக்கின்றன. நமது பாஷைக்கு இப்படியும் ஒரு கியாதி! அதன் பிறகு 1859-ல் சென்னைக்குப் புதுப் போலீஸ் சட்டம் வந்தது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில், போலீஸ் உத்தியோகஸ்தரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று எழுதினார்கள். தான் சம்பளம் கொடுத்து வைத்திருந்த போலீஸை அந்நிய சர்க்காரே நம்பவில்லை என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா? ஆனால் ஒரு சந்து விட்டு வைத்தார்கள். குற்றவாளி சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு வாக்குமூலம் செல்லும். அன்றிலிருந்து இன்றுவரை, புதருக்கடியில் கத்தி கிடைப்பதும், மஹஜரில் வழக்கமான சாட்சிகள் கையெழுத்திடுவதும் நின்றபாடில்லை. சட்டத்தின் பெயரை 2023-ல் மாற்றினார்கள். சந்து அப்படியே இருக்கிறது.

கடலூர்ச் சிறைக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்குண்டு. புதுச்சேரி எல்லையைத் தாண்டிய பாரதியாரை 1918-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி பிடித்து அங்கேதான் வைத்தார்கள்; டிசம்பர் 14-ல் விட்டார்கள். அந்நிய ஆட்சியில் நிரபராதி சிறை புகுவதைத் தேசபக்தர்கள் ஆட்சியின் குற்றமாகக் கண்டனர். சுயராஜ்யத்தில் நிரபராதி சிறை புகுந்தால் அதைத் தவறுதல் என்று சொல்கிறோம்.

தவறுதலா என்று பார்ப்போம். அதே 2003-ம் வருஷத்தில், மகாராஷ்டிரத்தில் நடந்த ஒரு கொலைக்காக நாடோடி வகுப்பைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். அவர்களில் மூவருக்கு ஹைகோர்ட்டு ஆயுள் தண்டனையாகக் குறைத்திருந்ததையும் மாற்றி, ஆறு பேருக்கும் தூக்கு என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிற்று. பிறகு அந்த வழக்கை மறுபடி திறந்து பார்த்து, 2019-ம் வருஷம் மார்ச் மாதம் 5-ந் தேதி, ஆறு பேரும் நிரபராதிகள் என்று அதே சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தது. தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி, புலன் விசாரணையில் தவறிய உத்தியோகஸ்தர்களைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்குமாறும் உத்தரவிட்டது. பதினாறு வருஷம் கழித்து! குஜராத்தில் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவர்கள் உட்பட ஆறு பேரை 2014-ம் வருஷம் மே மாதத்தில் விடுவித்தார்கள். அவர்கள் நஷ்டஈடு கேட்டு 2016-ல் வந்தபோது, விடுதலையானதாலேயே நஷ்டஈடு கேட்க முடியாது என்று கதவை அடைத்தார்கள். நம் நாட்டிலேயே, தேனி ஜில்லா சுருளியில் 2011-ல் நடந்த இரட்டைக் கொலைக்காகத் தூக்கு விதிக்கப்பட்டிருந்த ஒருவரை 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் விடுவித்தனர். ருசுக்களைச் சேகரித்து வைத்திருந்த லட்சணத்தைக் கண்டு, அவற்றைக் கையாள வேண்டிய முறையையே அவர்கள் நாடு முழுவதற்கும் வகுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தவறாகச் சிறையிடப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் வேண்டும் என்பதையும் அவர்கள் பார்லிமெண்டின் யோசனைக்கு வைத்தார்கள்.

சட்டம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2023-ம் வருஷத்து நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 399-வது பிரிவில், ஆதாரமின்றிக் கைதானவனுக்கு நஷ்டஈடு உண்டு. எவ்வளவு தெரியுமா? 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அதையும் கைது செய்த போலீஸார் கொடுக்க வேண்டியதில்லை; கைது செய்யத் தூண்டினவர் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்த தொகை இது. 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சட்டக் கமிஷன் தனது 277-வது அறிக்கையில், கெட்ட எண்ணத்தோடு நடத்திய வழக்குகளால் நஷ்டமடைந்தவர்களுக்காகத் தனிக் கோர்ட்டுகளும் தனி அத்தியாயமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. ஐந்து வருஷம் கழித்துச் சட்டத்தைப் புதிதாக எழுதியவர்கள் அந்த அத்தியாயத்துக்கு அதில் இடம் கொடுக்கவில்லை.

நஷ்டஈடு ஒரு பக்கம் இருக்கட்டும். அது சர்க்கார் பணம். நம் வரிப் பணம். ஜோடித்தவன் பையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. ஜோடித்தவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. இருக்கிறது. 1860-ம் வருஷத்துப் பீனல் கோடிலேயே இருந்தது. இன்றைய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. தூக்குக்குரிய குற்றத்தில் ஒருவனை மாட்டி வைப்பதற்காகப் பொய்ச் சாட்சியம் புனைந்தால் ஆயுள் தண்டனை வரையில் கிடைக்கும். நிரபராதி தூக்கிலிடப்பட்டு விட்டால், புனைந்தவனுக்கும் மரண தண்டனை வரை போகலாம். இவ்வளவு கடுமையான சட்டம் நூற்றறுபது வருஷங்களுக்கு மேலாக ஏட்டில் இருக்க, அதன் கீழ்ச் சிறைக்குப் போன இன்ஸ்பெக்டர்களை ஏன் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது?

இரண்டு பூட்டுகள் போட்டிருக்கிறார்கள். முதல் பூட்டு, உத்தியோகக் கடமையைச் செய்யும்போது செய்த காரியத்துக்காகச் சர்க்கார் அனுமதியின்றி வழக்கு நடத்தக்கூடாது என்பது. பொய் ஆவணம் எழுதுவது உத்தியோகக் கடமையில் சேராது என்று கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. சேருமா சேராதா என்று வாதாடுவதிலேயே வருஷங்கள் கழிந்து விடுகின்றன. 120 நாளில் சர்க்கார் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று புதுச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது நல்ல மாறுதல், ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவது பூட்டைப் பற்றித்தான் பொதுஜனங்களுக்குத் தெரிவதில்லை. கோர்ட்டு நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் புனைந்த குற்றத்துக்கு, பாதிக்கப்பட்டவன் நேரே வழக்குத் தொடர முடியாது. எந்தக் கோர்ட்டின் முன் அது நடந்ததோ, அந்தக் கோர்ட்டே எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். அதாவது, சாவி நீதிபதியின் கையில் இருக்கிறது. சாட்சியம் நம்பத் தக்கதாயில்லை, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்று எழுதி நிரபராதியை வெளியே அனுப்புகிற நீதிபதிகள், நம்பத் தகாத அந்தச் சாட்சியத்தைத் தயாரித்துக் கொண்டு வந்தவர் யார் என்ற அடுத்த வரியை எழுதுவது எத்தனை தீர்ப்புகளில்? கடலூர் வழக்கில் போலீஸார் பெயர் எதிரிப் பட்டியலிலேயே ஏறியிருந்தது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விசேஷப் பிரிவுகளும் துணை நின்றன; வேறொரு இலாகா புலன் விசாரித்தது. இந்த மூன்றும் வாய்க்காத சாதாரண வழக்கில், பொய்யும் அதை எழுதியவரும் ஒன்றாகவே மறைந்து போகிறார்கள்.

சர்க்கார் வக்கீலைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். போலீஸார் மீது பழி போட்டுவிட்டு அவரை விட்டு விடுவது நம் வழக்கமாயிருக்கிறது. கட்டு அவர் கைக்குத்தான் முதலில் வருகிறது. முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்கு எத்தனை நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். பத்துச் சாட்சிகளின் வாக்குமூலங்களும் ஒரே வாசகத்தில், ஒரே எழுத்துப் பிழையோடு இருந்தால் அதுவும் அவர் கண்ணில் படாமலிராது. தண்டனை வாங்கிக் கொடுப்பது அவர் வேலையன்று, உண்மையைக் கோர்ட்டின் முன் வைப்பதே அவர் வேலை என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதிரிக்குச் சாதகமான ருசு தம்மிடம் இருந்தால் அதையும் அவர் வெளியிட வேண்டும். ஆனால் ஆட்சி மாறினால் ஆள் மாறுகிற உத்தியோகத்தில் இருப்பவர், போலீஸார் கட்டிக் கொடுத்த வழக்கை இது நிற்காது என்று திருப்பி அனுப்பத் துணிவாரா? அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில், மனைவியைக் கொன்றதாக ஒரு நிரபராதி கிட்டத்தட்ட 25 வருஷம் சிறையிலிருந்து 2011-ல் வெளியே வந்தார். அவருக்குச் சாதகமான ருசுவை மறைத்த சர்க்கார் வக்கீல் பின்னாளில் நீதிபதியாகியிருந்தார். 2013-ல் அவர் பதவியும் வக்கீல் ஸன்னதும் போயின. பத்து நாள் சிறையும் விதித்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக்குப் பத்து நாள். அதுவும் அந்நாட்டில் அதிசயமாகப் பேசப்பட்டது. நம் நாட்டில் அந்தப் பத்து நாளும் கிடையாது.

இப்படியெல்லாம் கேள்வி கேட்டால் போலீஸாரின் ஊக்கம் குன்றிப் போகும், கைது செய்யவே பயப்படுவார்கள் என்று சில கனவான்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. விடுதலையான ஒவ்வொரு வழக்கும் பொய் வழக்கன்று. சாட்சிகள் பயத்தால் பிறழ்கிறார்கள். புதுக்கூரைப்பேட்டை வழக்கிலேயே அநேகம் பேர் பிறழ்ந்தனர். இரவு பகல் பந்தோபஸ்து, மந்திரி வருகை, திருவிழாக் கூட்டம் இவற்றிடையே புலன் விசாரிக்கிற ஸப்-இன்ஸ்பெக்டர் ஏதோ ஒன்றை விட்டு விடலாம். அதற்காக அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நடந்ததைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரியாதது வேறு; நடவாததை எழுதி வைப்பது வேறு. ஒன்றுக்குப் பயிற்சி போதும். மற்றதற்குக் கூண்டு வேண்டும். ஊக்கம் குன்றுவதைப் பற்றிப் பேசுகிற கனவான்கள், பொய் எழுதினவர் பதவி உயர்வு பெற்றுப் போவதைப் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக் கொண்டிருக்கும் யோக்கியமான உத்தியோகஸ்தரின் ஊக்கத்தைப் பற்றியும் சற்றுக் கவலைப்பட வேண்டும். விருத்தாசலத்து உத்தியோகஸ்தர்கள் இருவரும் வழக்கு நடந்த வருஷங்களிலேயே பதவியில் உயர்ந்தவர்கள். தண்டனை பெறும்போது ஒருவர் ஓய்வு பெற்ற டெபுடி சூப்பரிண்டெண்டு, மற்றவர் இன்ஸ்பெக்டர்.

இதற்கெல்லாம் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2014-ம் வருஷம் ஜனவரி மாதம் 7-ந் தேதி, குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், சுப்ரீம் கோர்ட்டார் எல்லா மாகாண சர்க்கார்களுக்கும் ஓர் உத்தரவு போட்டார்கள். விடுதலையில் முடிகிற ஒவ்வொரு வழக்கையும் உயர்ந்த போலீஸ் அதிகாரிகளும் பிராஸிக்யூஷன் அதிகாரிகளும் அடங்கிய நிரந்தரக் கமிட்டி பரிசீலிக்க வேண்டும். தவறு யாருடையது என்று பெயர் குறிப்பிட வேண்டும். குற்றமுள்ளவர் மீது இலாகா நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். உத்தரவு தெளிவாயிருக்கிறது. நிரபராதியை விடுவிப்பதோடு நியாயம் முடியவில்லை என்று தலைமை நியாயஸ்தலமே சொல்லி விட்டது. அந்தக் கமிட்டி கண்டதை ஜனங்கள் அறிய வேண்டாமா? மூடின அறையில் போலீஸாரே போலீஸாரைப் பரிசீலித்து, கோப்பில் ஒரு குறிப்பு எழுதிக் கட்டி வைப்பதில் யாருக்கு என்ன லாபம்? கமிட்டியில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரையும், சர்க்காரைச் சாராத வக்கீல் ஒருவரையும் சேர்ப்பதற்குச் சென்னை சர்க்காருக்கு யார் தடை? சுப்ரீம் கோர்ட்டு சொன்னது குறைந்தபட்சம்; அதற்கு மேல் செய்யக்கூடாதென்று சொல்லவில்லை.

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் வக்கீல் சங்கத்தார் செய்யக்கூடியதும் உண்டு. பொய்ச் சாட்சியம் என்று வெளிப்படையாகத் தெரிந்து கட்சிக்காரர் விடுதலையாகும்போது, கோர்ட்டே புகார் கொடுக்க வேண்டும் என்ற மனுவை அன்றே போட வேண்டும். பீஸ் வாங்கிக் கொண்டு மாலை போட்டு வழியனுப்புவதோடு வேலை தீர்ந்ததென்று நினைக்கலாகாது. விடுதலையானவன் அலுத்துப் போயிருப்பான், மறுபடி கோர்ட்டுப் படி ஏற மாட்டான், பெரும்பாலும் ஏழை, இன்ஸ்பெக்டர் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். அவனுக்குப் பதிலாக அந்த மனுவைச் சங்கம் ஏற்று நடத்தலாமல்லவா? தேசத் தொண்டர்களுக்கும் இங்கே வேலை உண்டு. கைதானவனுக்கு ஜாமீன் எடுப்பதில் காட்டுகிற சுறுசுறுப்பை, விடுதலையான பிறகும் ஆறு மாதம் காட்டினால் போதும்.

சர்க்காரை நாம் கேட்பது ஒரு கணக்கு மாத்திரம். 2014-ம் வருஷத்து உத்தரவுக்குப் பிறகு கடலூர் ஜில்லாவில் விடுதலையில் முடிந்த ஸெஷன்ஸ் வழக்குகள் எத்தனை? அவற்றுள் கமிட்டி எடுத்துப் பார்த்தவை எத்தனை? எத்தனை போலீஸ் உத்தியோகஸ்தர்கள் பெயரும் எத்தனை சர்க்கார் வக்கீல்கள் பெயரும் குறிப்பிடப்பட்டன? அவர்கள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? வழக்கு நடத்த அனுமதி கேட்டு எத்தனை மனுக்கள் செக்ரிடேரியட்டில் கிடக்கின்றன? சட்டசபையில் கேட்டால் மந்திரி பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்விகள் இவை. அடுத்த கூட்டத்தில் நமது ஜில்லாவின் மெம்பர்கள், எந்தக் கட்சியினராயினும், இவற்றை எழுத்து மூலம் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். கேட்பவர்கள் யார், வாய் மூடியிருப்பவர்கள் யார் என்பதையும், வருகிற பதிலையும் அப்படியே இந்தப் பத்திகளில் வெளியிடுவோம்.